வலைக்கும் தூண்டிலுக்கும் ஒரு கூரை

மீன்பிடித் தொழிலைப் பற்றி நம் நாட்டில் பேசப்படும் பேச்செல்லாம் பெரும்பாலும் கடலைப் பற்றியும், படகைப் பற்றியும், டீசல் மானியத்தைப் பற்றியும், ஏலத்தில் விழும் விலையைப் பற்றியுமே இருக்கிறது; அந்தத் தொழிலின் சரிபாதி கரையிலேயே, மணலிலும் திண்ணையிலும் தெருவோரத்து மரநிழலிலும், வலையை உதறி உலர்த்துவதிலும், அறுந்த கண்ணியைக் கோப்பதிலும், தூண்டில் நரம்பைச் சிக்கின்றிச் சுருட்டிக் கூடையில் அடுக்குவதிலும் நடந்து முடிகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பழவேற்காட்டு ஏரியிலிருந்து எண்ணூர் முகத்துவாரத்தின் வடகரை வரை நீளும் திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில், ஒருபுறம் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும், மறுபுறம் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் ஆலைகளும் நெருங்கி நிற்க, நடுவே எஞ்சியிருக்கும் மீனவக் குப்பங்களுக்கு இன்று அவசியமாக வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், புதிய படகு என்றோ புதிய வலை என்றோ நான் சொல்லமாட்டேன். இருக்கிற வலையையும் தூண்டிலையும் சிக்கில்லாமல் வைத்துப் பேணுவதற்கு நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் இடம் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். கடலில் இறங்குகிறவனுக்கு அது சிறிய காரியமன்று.

நெடுந்தூண்டிலை எடுத்துக்கொள்வோம். தென்கடற்கரையில் அதை ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் இதைக் கொண்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து பாகக் கணக்கில் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) இடைவெளி விட்டுத் தொங்கும் கிளை நரம்புகள், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இரை குத்திய ஒரு கொக்கி, ஆங்காங்கே மிதவையும் ஈயக்குண்டும். அமைப்பு இவ்வளவுதான். ஆனால் நூற்றுக்கணக்கான கொக்கிகள், கூர்மையான முள்ளும் அதன் எதிர்முள்ளுமாக, ஒரே கூடைக்குள் ஒன்றையொன்று தொடாமல் அடங்கியிருக்க வேண்டும். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே, வரிசை பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக அவை வெளியே வரவேண்டும். இதற்குக் கண்ட வழி மிக எளிது. அதைக் கண்டுபிடித்தவன் யாரென்று எந்தச் சரித்திரமும் சொல்லாது. கூடையின் விளிம்பைச் சுற்றி வைக்கோற்பிரியையோ தக்கையையோ ரப்பரையோ கட்டி, தாய்க்கயிற்றைக் கூடையின் வயிற்றுக்குள் வட்டம் வட்டமாக இறக்கிக்கொண்டே, கிளை வரும்போதெல்லாம் அதன் கொக்கியை விளிம்பில் வரிசையாகக் குத்திக்கொண்டு போவார்கள். கடைசியாகக் குத்திய கொக்கி முதலில் கிளம்பும். வரிசையில் ஒரு கொக்கி இடம் மாறினால், ஓடும் கயிறு பக்கத்துக் கிளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த வேளையில் விளிம்பருகே கை வைத்திருப்பவனின் விரலை அது விட்டுவைக்காது. கூடை அடுக்குவதில் இத்தனை சிரத்தை வேண்டியிருப்பது அழகுக்காக அல்ல என்பதைக் கொக்கி பாய்ந்த கையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கிளைகளுக்கிடையே விடும் இடைவெளியிலும் ஒரு கணக்கு உண்டு. கிளை நரம்பு ஒரு பாக நீளமென்றால், அடுத்த கிளை இரண்டு பாகத்துக்கு அப்பால்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நீரோட்டத்தில் இரண்டு நுனிகளும் எட்டித் தொட்டு முறுக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக் கணிதம் படிக்காதவர்களும் இந்தக் கணக்கைக் கையாலேயே அளந்து முடித்துவிடுகிறார்கள். ஜப்பானியச் சூரை மீனவர்கள் தூண்டிலைக் கூடை கூடையாகக் கட்டி வைத்துக் கடலில் ஒன்றோடொன்று முடிந்து விட்டார்கள். இயந்திர உருளைகள் வந்து, கூடை மறைந்துபோன பிறகும், இரண்டு மிதவைகளுக்கு இடையே எத்தனை கொக்கி என்பதை விஞ்ஞானிகள் ஒரு கூடைக்கு இத்தனை என்றுதான் இன்றும் கணக்கிடுகிறார்கள். திருவொற்றியூரில் சூரை பிடிக்கும் படகுகளுக்கென்றே துறைமுகம் எழுந்திருக்கும் இக்காலத்தில், அதே நெடுந்தூண்டில் வடசென்னைக் கரைக்கும் பெரிய அளவில் வரப்போகிறது. படகும் துறைமுகமும் வந்தாயிற்று. தூண்டிலை அடுக்கும் கையை யார் பயிற்றுவிக்கப் போகிறார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வி.

பழவேற்காட்டில் இந்தக் காரியத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அங்கே ஏரியில் இறால் பிடிப்பதற்குப் பாடு என்னும் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. நல்ல இறால் ஓடும் இடங்களை வலியவன் பிடித்துக்கொள்ளாதபடி, இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டும் உரிமை இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை, பொதுச் சொத்தைச் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்வதற்கு உதாரணமாக வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதன் நியாயத்தைப் பலரும் புகழ்ந்தாயிற்று. அதன் கண்டிப்பை நான் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். முறை வந்த நாளில் வலை தயாராக இல்லையென்றால் அந்த நாள் போயிற்று. கம்பு நட்டு வலையைக் கட்ட வேண்டிய நேரத்தில், நேற்று அள்ளிப் போட்ட வலையின் தக்கைக் கயிறும் ஈயக் கயிறும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்குமானால், நீரோட்டம் அவனுக்காகக் காத்திராது. அடுத்த முறை வரும் வரை அவன் வீட்டு அடுப்பு வேறு வழி தேடவேண்டும். முறை எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தாலும், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் சக்தி, வலையை ஒழுங்காக வைத்துக்கொள்ள இடம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

பருத்தி நூல் வலைக் காலத்தில் வலையைப் பேணுவது என்றால் அது முக்கியமாக அழுகலோடு போராடும் வேலை. மரப்பட்டையையும் புளியங்கொட்டையையும் காய்ச்சிய சாற்றில் வலையைத் தோய்த்து, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் தோய்த்து உரமேற்றுவார்கள். 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வள இலாகா வேலைகளைத் தொடங்கிவைத்த சர் ஃபிரடெரிக் நிக்கல்சனும், அவருக்குப் பின் இயக்குநராக இருந்து சோழமண்டலக் கரையின் வலைகளையும் தூண்டில்களையும் ஊர் ஊராகப் பார்த்து எழுதிய ஜேம்ஸ் ஹார்னெலும் அறிந்திருந்த தொழில் அதுவே. 1938-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட நைலான், ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் நம் கரைக்கு வந்து சேர்ந்தபோது, அழுகல் என்ற பழைய சத்துரு ஒழிந்தது. பட்டைச் சாறு காய்ச்சிய அண்டாக்கள் மூலைக்குப் போயின. ஆனால் புதிய இழை புதிய குணங்களோடு வந்தது. ஒற்றை இழையான நரம்பு, சுற்றிவைத்த வடிவத்தை மறப்பதில்லை. சிறிய உருளையில் மாதக்கணக்கில் இறுகக் கிடந்தால், பிரித்தெடுக்கும்போதும் சுருள் சுருளாகவே வரும். வழவழப்பானதால் முடிச்சு நழுவும். ஆகையால் வேறு முடிச்சுகளைப் பழக வேண்டியதாயிற்று. வெயிலில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாமல் வலுவிழக்கும். பருத்தி வலைக்கு வெயில் மருந்து. நைலானுக்கு அதுவே நோய். பருத்திக் காலத்துப் பழக்கத்தையே பின்பற்றி இன்றும் நைலான் வலையை நாள் முழுக்க மணலில் விரித்துவைப்பதைப் பல குப்பங்களில் காணலாம். அது அறியாமையினால் மட்டும் நடப்பதில்லை. நிழலில் விரிப்பதற்கு நிழல் இருந்தால்தானே?

சிக்கை எடுப்பதும் ஒரு வித்தையே. பழவேற்காட்டுக் கரையில் முதியவர் ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். கையில் ஒரு முஷ்டி அளவுக்குக் கட்டியாய்த் திரண்டுபோன நரம்பு. அதற்குள் ஏழெட்டுக் கொக்கிகள். இளைஞர்கள் செய்வதுபோல் நுனியைத் தேடி இழுக்கும் காரியத்தை அவர் செய்யவே இல்லை. முதலில் வெளியே தெரிந்த கொக்கிகளை ஒவ்வொன்றாய் விடுவித்து, காலடியில் கிடந்த பழைய செருப்புத் துண்டில் குத்திவைத்தார். பிறகு அந்தக் கட்டியை உள்ளங்கையில் வைத்து மெல்ல உதறி உதறி, விரல் நுழையும் வளையங்களாகத் தளர்த்தினார். எந்த வளையத்துக்குள் எந்த இழை புகுந்திருக்கிறது என்பது தெரிந்த பின்புதான் ஓர் இழையை எடுத்து வெளியே விட்டார். ஓரிடத்தில் நரம்பு தானே தன்மேல் இறுகி வெள்ளைக்கோடாக மடிந்திருந்தது. அங்கே சற்றும் தயங்காமல் கத்தியை வைத்து அறுத்து, அந்தத் துண்டை மடியில் செருகிக்கொண்டார். மடிந்த நரம்பு பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே அறும் என்பதும், அறுத்த துண்டை மணலில் போட்டால் அது பறவையின் காலுக்குப் போய்ச் சேரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தொழிலை ஜீவனோபாயமாகக் கொள்ளாமல், ஓய்வுநாள் பொழுதுபோக்காகத் தூண்டில் பிடிப்பவர்களும் இப்பகுதியில் பெருகிவருகிறார்கள். சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் முடித்து ஞாயிற்றுக்கிழமையில் கொடுவாவை நாடிப் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் போகிறவர்களுக்கும், கெண்டையையும் ஜிலேபியையும் எண்ணி ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்வது பிரயோஜனமாயிருக்கும். கைத்தூண்டில் நரம்பைப் பிளாஸ்டிக் புட்டியிலோ பலகைத் துண்டிலோ சுற்றுவது எல்லோருக்கும் வழக்கம். புட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நரம்பை அதன் தலைப்பக்கமாக வளையம் வளையமாய் உருவினால், ஒவ்வொரு வளையத்துக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். நூறு வளையம் உருவினால் நூறு முறுக்கு. புட்டியையே உருட்டி நரம்பை நேராக விட்டால் ஒரு முறுக்கும் ஏறாது. கயிற்றைத் தரையில் வட்டமாகச் சுருட்டுவதைவிட எட்டின் வடிவில் மாறி மாறிச் சுருட்டினால், ஒரு பக்கத்து முறுக்கை மறுபக்கம் தீர்த்துவிடும். படகுக்காரர்கள் நீளமான கயிறுகளை இப்படிச் சுருட்டுவது வெறும் பழக்கதோஷமல்ல. கொக்கியும் ஈயமும் கட்டிய சிறு நரம்புகளை ஒரே பையில் கொட்டிவைப்பது சிக்குக்கு அழைப்பு விடுவதாகும். ஓரத்தில் கீறல் போட்ட தெர்மாகோல் துண்டிலோ ரப்பர்த் துண்டிலோ ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, நுனியைக் கீறலில் செருகி, கொக்கியைத் துண்டின் உடலில் குத்திவைத்தால், இருட்டிலும் ஒன்றை மட்டும் எடுக்கலாம். ஈயக்குண்டைக் கட்டியபடியே வைக்கவேண்டாம். பை ஆடும்போதெல்லாம் முதலில் புரள்வது அதுதான், மற்றவற்றை இழுத்துச் சுற்றிக்கொள்வதும் அதுதான். உப்புநீரில் நனைந்ததை நன்னீரில் அலசி, நிழலில் ஆறவிட்டு, பிறகே மூடிவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடிய டப்பாவில் கொக்கிகள் ஒரே வாரத்தில் துருவேறுவதோடு, அந்தத் துரு நரம்பையும் அரித்துவிடும்.

சிக்கலெடுக்க முடியாமல் அறுத்து எறிந்த நரம்பு எங்கே போகிறது என்பதையும் இவர்கள் நினைக்கவேண்டும். பழவேற்காடு பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து தங்கும் சரணாலயம். அழுகாத நரம்பு நெடுங்காலம் அலையாத்திச் செடிகளிலும் சேற்றிலும் சுற்றிக்கொண்டு கிடந்து, காலூன்றும் பறவைகளை மாட்டிவைக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றியும் உள்ள கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியபோது, இழுவை வலைகளில் சிக்கி மூச்சுமுட்டியதே முக்கிய காரணமென்று பேசப்பட்டது. அந்தப் பழியைக் கைத்தூண்டில்காரர்மீது போடுவது அநியாயம். இயந்திரப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக்கூடாதென்ற விதியை மீறி வரும்போது, நாட்டுப்படகுக்காரர் கடலில் விட்டிருக்கும் வலையையும் தூண்டிலையும் வெட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. அப்படி வெட்டுண்டவை ஆளில்லாமலே மீன்பிடித்துக்கொண்டு கடலில் திரிகின்றன. கப்பல்கள் நைலான் வலை உள்ளிட்ட பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவதைத் தடைசெய்யும் சர்வதேச விதி 1988 இறுதியிலேயே அமலுக்கு வந்தது. மீன்பிடிக் கருவிகளுக்கு உடையவர் இன்னாரென்று அடையாளமிட வேண்டும் என்னும் வழிகாட்டுதலை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தில் உலக நாடுகள் 2018-இல் ஏற்றுக்கொண்டன. காசிமேட்டில் பழைய வலைகளை எடைக்கு வாங்கிக்கொள்ளும் அரசாங்க முயற்சியும் தொடங்கியிருக்கிறது. இவையெல்லாம் நல்லவையே; ஆனாலும், வலை குப்பையான பிறகு செய்யும் காரியங்கள். அது குப்பையாகாமல் இன்னும் இரண்டு பருவம் உழைக்கச் செய்யும் காரியத்துக்குத்தான் நான் வாதாடுகிறேன்.

அந்த இடம் எங்கே என்ற கேள்விக்கு இப்போது வருவோம். வலை முன்பு வைக்கப்பட்ட இடம் கடற்கரை மணல். மணல் குறுகிவிட்டது. துறைமுகங்களின் அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கடல் கரையைத் தின்கிறது. கரையோரச் சாலையும் வேலியும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததோடு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் புகுந்தபோது, படகுகளும், படகிலும் கரையிலும் வைத்திருந்த வலைகளும் கரிய பிசுக்கேறிப் பாழாயின. வலையைப் பத்திரமாக எடுத்துவைக்க உயரமான, பூட்டுள்ள ஒரு கட்டடம் கரையில் இருந்திருந்தால், நஷ்டத்தில் ஒரு பகுதியாவது தவிர்ந்திருக்கும். அப்படி இல்லாததால் வலை வீட்டுக்குள் வருகிறது; ஒற்றை அறை வீட்டில் படுக்கும் இடத்தின் பாதியை அது பிடித்துக்கொள்கிறது; எலி கடிக்கிறது; குழந்தையின் கை கொக்கியருகே போகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈர வலையை உலர்த்த வழியில்லாமல் திண்ணையில் குவித்துவைக்கும் குடும்பத்தில், அதைப் பிரித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கும் கடலுக்குப் போக வலுவில்லாத முதியவர்களுக்குமே வாய்க்கிறது. எந்தக் கூலிக் கணக்கிலும் ஏறாத வேலை அது.

இதே மாவட்டத்தில் சில மைல்களுக்கு அப்பால் கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குள் போய்ப் பார்ப்பவர்கள், கருவிகளை ஒழுங்காக வைப்பதற்கு எவ்வளவு மரியாதை உண்டென்பதைக் காணலாம். ஃபைவ் எஸ் என்று ஜப்பானியர் வகுத்த முறையைச் சுவரெங்கும் எழுதிவைத்திருப்பார்கள். பலகையில் ஸ்பானரின் உருவத்தை வரைந்து, அந்த உருவத்தின்மேல் அந்த ஸ்பானரையே மாட்டியிருப்பார்கள். ஒன்று குறைந்தால் தூரத்திலிருந்தே தெரியும். மேற்பார்வையாளர்கள் அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். கடலோரக் குப்பங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக அங்கே வேலைக்குப் போகும் இளைஞன், அந்தப் பலகையின் முன் நிற்கும்போது, தன் பாட்டனார் கூடை விளிம்பில் கொக்கிகளை வரிசையாகக் குத்திவைத்ததும் இதே சாஸ்திரம்தான் என்பதை உணர்வானா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆலையில் அந்த ஒழுங்குக்குச் சம்பளமும் கூரையும் மின்விளக்கும் உண்டு. குப்பத்தில் அது அவனவன் பாடு.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். தாம் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டுமென்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கும்மிடிப்பூண்டி, மணலி, காட்டுப்பள்ளி ஆகிய இடங்களின் நிறுவனங்களுக்கு ஏரிக்கரைக் குப்பங்கள் அன்னிய வட்டாரமல்ல. மீன்வளத் துறை வலை பின்னும் கூடம் கட்டும் திட்டங்களை வெகுகாலமாக வைத்திருக்கிறது. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கூடம் படகு ஏறும் இடத்துக்கு அருகில் இருக்கவேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஈர வலை கனமானது, அதைத் தோளில் சுமந்து தெருக்கோடி வரை ஒருவரும் போகமாட்டார். பக்கங்கள் திறந்து, கூரை தாழ்ந்து, காற்று ஓடவேண்டும். குறுக்கே வலையைத் தொங்கவிட உத்திரங்களும், கூடைகளை அடுக்கப் பூட்டுள்ள அறைகளும், அலசுவதற்கு நன்னீர்க் குழாயும், அறுத்தெடுத்த நரம்பைப் போட மூடியுள்ள தொட்டியும், இரவில் வேலை செய்ய விளக்கும் இருந்தால் போதும். தரை சொரசொரப்பாக இருந்தால் இழை உரசி அறும். ஆகவே வழவழப்பாகப் பூசவேண்டும். எங்கே, எந்த வாட்டத்தில் கட்டவேண்டும் என்பதைப் பொறியாளர்கள் வரைபடத்தில் தீர்மானிப்பதற்கு முன், வலை முடியும் பெண்களையும் முதியவர்களையும் அழைத்து ஒருநாள் அந்த இடத்திலேயே உட்காரவைத்துக் கேட்கட்டும்.

திறப்புவிழா முடிந்த பின் கூடத்தின் சாவி அலுவலகத்துக்குப் போய்விடக்கூடாது. அது ஊர்ப் பஞ்சாயத்திடமும் பெண்களின் சுயஉதவிக் குழுவிடமும் இருக்கட்டும். பாட்டுக்குச் சீட்டுப் போட்டு இடத்தைப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு, கூடத்தில் எந்த அறை எந்தக் குடும்பத்துக்கு, எந்த உத்திரம் எந்த நாளில் யாருக்கு என்று முறைவைப்பது ஒரு கஷ்டமான காரியமாயிராது.